கிராமத்தின் மௌனம்

பட்டணத்து எழுத்தாளன் ஒருநாட் பயணமாகக் கிராமத்துக்குப் போய்வந்தால், குளக்கரையின் சாந்தி பற்றியும் வயற்காற்றின் சுகம் பற்றியும் ஒரு கட்டுரை பிறந்துவிடுகிறது. அங்கே வாழ்பவன் எதை உண்கிறான், எவனுக்குக் கடன்பட்டிருக்கிறான் என்ற கேள்வி மட்டும் அதில் எழுவதில்லை.

இத்தகைய எழுத்துக்கு மறுப்பாக 1913இலேயே வெளிவந்தது, லெனாட் வூல்ஃபின் 'தி வில்லேஜ் இன் த ஜங்கிள்' என்னும் ஆங்கில நாவல். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த அவரும் வெளியாரே; ஆளும் இனத்தவரே. ஆயினும் பெத்தகம என்னும் காட்டுக் கிராமத்தின் அமைதியை அழகென்று அவர் மயங்கவில்லை. அது பசியின் மௌனம், அச்சத்தின் மௌனம் எனக் கண்டார். சேனை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும். அச்சீட்டோ கிராமத் தலைவன் தயவில். விளைவதோ கடன் கொடுத்தவன் கைக்கு. இந்தப் பிடிக்குள் அகப்பட்டே வேட்டைக்காரன் சிலிந்து கொலைகாரனாகிறான். அவனை விசாரிக்கும் நீதிமன்றம் அவனுக்கு விளங்காத மொழியில் பேசுகிறது. தாம் சார்ந்த ஆட்சியைப் பற்றியே இவ்வாறு எழுதும் நேர்மை வூல்ஃபுக்கு இருந்தது.

நாவலுக்குக் குறையும் உண்டு. காட்டை வெல்லவொண்ணாத விதிபோல் நிறுத்தியமையால், அம்மக்கள் ஒன்றுபட்டு எழக்கூடும் என்பது ஆசிரியருக்குத் தோன்றவில்லை. இறுதியில் கிராமத்தைக் காடு விழுங்குகிறது, அவ்வளவே.

எனினும் விடுமுறையிற் கிராமம் நாடும் நம் ஆசிரியரும் மாணவரும் இந்நூலைப் படித்துச் செல்லவேண்டும் என்போம். குளத்தின் அழகை எழுதுமுன், அக்குளத்து நீர் எவன் வயலுக்குப் பாய்கிறது என்று நாம் கேட்போமாக.