விளம்பரத்தாளின் ஓரத்தில் எழுதுங்கள்: வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் பணம் கட்டலாமா?



இந்த முறை திறனாய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது நாவலும் இல்லை, கவிதையும் இல்லை. வழவழப்பான தாளில் அச்சிட்ட நான்கு பக்க விளம்பரம். வெளிநாடு போய் ஆங்கிலம் கற்பிக்கலாம், ஊரையும் சுற்றிப் பார்க்கலாம் என்று அழைக்கிற வகை. இதையெல்லாமா திறனாய்வு செய்வாங்க என்று கேட்காதீர்கள். பள்ளியை விட்டுப் போன பிறகு நம் மாணவர்கள் வாசிக்கப் போகும் பனுவல்களில் பாதி இப்படிப்பட்டவைதாம். காசை எடு என்று சொல்லும் பனுவலை வாசிக்கத் தெரியவில்லை என்றால், கருத்துணர்தலில் முழுப் புள்ளி எடுத்து என்ன பயன்?

தாள் என் கைக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிறு காலை, பெட்டாலிங் ஜெயா பழைய டவுன் சந்தையில் என் பழைய மாணவியும் அவள் அம்மாவும் எதிரே வந்தார்கள். தமிழ்ப்பள்ளி, தேசிய இடைநிலைப்பள்ளி, பிறகு பட்டம் என்று படித்து வந்த பெண். பி.டி.பி.டி.என். கடன் இன்னும் ஓடுகிறது. வாடிக்கையாளர் சேவை மையத்தில் இரவு வேலை. ஆசிரியர் ஆக வேண்டும் என்ற ஆசை மட்டும் அவளை விடவில்லை.

"டீச்சர், இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. எட்டாயிரம் வெள்ளியாம். ஈ.பி.எப். மூணாவது கணக்குல கொஞ்சம் இருக்கு. மிச்சத்துக்கு வளையல வச்சிடலாம்னு இருக்கேன்" என்றார் அம்மா.

2024 மே மாதத்திலிருந்து ஈ.பி.எப். சேமிப்பில் மூன்றாவதாக ஒரு கணக்கு உண்டு. அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுப்பது எளிது, திரும்பச் சேர்ப்பதுதான் கஷ்டம். எனவே பதில் சொல்ல ஒரு வாரம் கேட்டு, தாளை வீட்டுக்குக் கொண்டு போனேன்.

தாள் சொல்வது

தாளின் மையக்கருத்து ஒரே வரிதான். பணம் கட்டுங்கள், நாங்கள் உங்களை ஆசிரியர் ஆக்கி அனுப்புகிறோம். அதற்குத் துணையாக நான்கு கூற்றுகள் வருகின்றன. 120 மணி நேர இணையப் பயிற்சி. அனைத்துலக அங்கீகாரம் பெற்ற சான்றிதழ். ஆசிய நாடு ஒன்றில் உறுதியான வேலை. விமான நிலையத்தில் வரவேற்பும் முதல் மாதத் தங்குமிடமும்.

படங்களையும் கவனித்தேன். எல்லாப் படத்திலும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், ஆசிரியர் நடுவில் நிற்கிறார். கரும்பலகையில் ஒரு சொல்கூட இல்லை. வகுப்பறை இருக்கிறது, பாடம் இல்லை.

நூற்றிருபது என்ற எண்

120 மணி நேரம் என்பது சும்மா வந்த எண் இல்லை. கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா என்ற ஆங்கிலக் கற்பித்தல் சான்றிதழ் ஏறக்குறைய 120 மணி நேரப் பயிற்சி. இத்துறையில் பலரும் அறிந்த சான்றிதழ்களில் அது ஒன்று. அந்த எண் இன்று மலிவான இணையப் பாடங்களின் முகப்பிலும் ஒட்டப்படுகிறது. எண் ஒன்றுதான், சரக்கு வேறு.

செல்டாவில் பயிற்சி பெறுபவர் நிஜமான மாணவர்கள் முன் 6 மணி நேரம் கற்பித்துக் காட்ட வேண்டும். பயிற்றுநர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். முடிந்ததும் எது சரி, எது சறுக்கியது என்று முகத்துக்கு நேரே சொல்வார். அனுபவமுள்ள ஆசிரியர்கள் கற்பிப்பதைப் பார்க்கும் நேரமும் உண்டு. டிரினிட்டி கல்லூரியின் சான்றிதழிலும் இதே 6 மணி நேரம் இருக்கிறது. நம் பயிற்சிக் கல்லூரியில் பிராக்டிக்கம் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். விரிவுரையாளர் வந்து கடைசி மேசையில் உட்கார்ந்த அந்த நாளில்தானே நமக்கே கை நடுங்கியது, பாடமும் பிடிபட்டது!

நம் கையில் இருக்கும் தாளில் 120 மணி நேரமும் காணொலியும் கொள்குறிக் கேள்வியும்தான். மாணவர் முன் நிற்கும் நேரம் சுழியம். அதை எங்கும் பொய்யாகச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

அங்கீகாரம்: யாருடையது?

'அனைத்துலக அங்கீகாரம்' என்ற சொற்றொடருக்கு எழுவாய் கிடையாது. அங்கீகரித்தது யார்? எல்லா ஆங்கிலக் கற்பித்தல் சான்றிதழையும் சோதித்து முத்திரை குத்தும் ஒரே உலக அமைப்பு எதுவும் இல்லை. தனியார் அமைப்புகள் பல உண்டு, அவற்றின் தரம் பலவிதம். கடைசியில் அங்கீகரிப்பது இரண்டே பேர். ஒருவர் வேலை கொடுக்கும் பள்ளி, மற்றவர் விசா கொடுக்கும் அரசாங்கம். அவர்கள் பெயர் தாளில் இல்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சில நாடுகளில் விசாக் கோப்பில் வைக்க ஏதோ ஒரு சான்றிதழ் இருந்தால் போதும். அதற்கு மட்டும் என்றால் மலிவான இணையப் பாடமே போதும். எட்டாயிரம் வெள்ளி எதற்கு?

கடவுச்சீட்டு சொல்லும் பதில்

தாள் நழுவிப் போகும் பெரிய இடம் இதுதான். ஆங்கிலம் பேசினால் போதும் என்கிறது. போதாது.

தென் கொரியாவைப் பாருங்கள். அந்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஆங்கில ஆசிரியர்களை எடுக்கும் எபிக் திட்டம் 7 நாட்டுக் குடிமக்களையே எடுக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. மலேசியக் கடவுச்சீட்டு அந்தப் பட்டியலில் இல்லை. எத்தனை சான்றிதழ் வாங்கினாலும் பட்டியல் நீளாது.

ஜப்பானின் ஆசிரியர் விசாவுக்கு, கற்பிக்கும் மொழியிலேயே குறைந்தது 12 ஆண்டு கல்வி கற்றிருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. தமிழ்ப்பள்ளியில் 6 ஆண்டு, தேசிய மொழியில் 5 ஆண்டு படித்த நம் பிள்ளை அந்தக் கணக்கை எப்படிக் காட்டுவாள்? சீனாவில் 2021 ஜூலையில் அரசு தனியார் டியூஷன் துறையை இறுக்கியபோது ஏராளமான ஆங்கில மையங்கள் மூடப்பட்டன. வியட்னாம், தாய்லாந்து போன்ற நாடுகளில் நம்மவர்களுக்கு வழி இருக்கிறது. அங்கேயும் பட்டம், கற்பித்தல் சான்று, நன்னடத்தைச் சான்று என்று கேட்பது வழக்கம். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவரிடம் மொழித் தேர்வு முடிவையும் கேட்கலாம்.

இதில் ஓர் அநியாயம் இருக்கிறது. அதையும் திறனாய்வாளர் சொல்லத்தான் வேண்டும். மொழியியலாளர் பிரஜ் கச்ரு 1985-இல் ஆங்கிலம் புழங்கும் நாடுகளை மூன்று வட்டங்களாகப் பிரித்தார். மலேசியா, இந்தியா, சிங்கப்பூர் எல்லாம் இரண்டாவது வட்டம். ஆங்கிலம் தாய்மொழி அல்ல, ஆனாலும் அன்றாடம் புழங்கும் இடம். அங்கிருந்து வருபவர் மொழியைக் கற்று வந்த பாதையை அறிந்தவர். எங்கே தடுக்கும் என்பது அவருக்குத் தெரியும். இந்தத் துறைக்கே பாடம் சொன்னவர்களில் என். எஸ். பிரபு தென்னிந்தியாவின் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் 1979 முதல் 1984 வரை நடத்திய திட்டத்தை உலகம் இன்றும் படிக்கிறது. அவ்வளவு இருந்தும் விசா அதிகாரி பார்ப்பது கடவுச்சீட்டின் அட்டையை. இது தவறு என்று கட்டுரை எழுதலாம், எழுத வேண்டும். அதற்காக இந்தத் தவறே இல்லாதது போல் எழுதிய விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டக்கூடாது.

பணம் யார் கையிலிருந்து யார் கைக்கு?

ஆசிரியர் உண்மையிலேயே தேவைப்படும்போது பணம் எந்தப் பக்கம் போகிறது? நம் நாட்டு வரலாறே பதில் சொல்லும். 1952 முதல் 1962 வரை இங்கிலாந்தின் கெர்க்பியிலும், 1955 முதல் 1964 வரை பிரின்ஸ்ஃபோர்டு லாட்ஜிலும் மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் இயங்கின. இங்கிருந்து கப்பலேறிய இளைஞர்களை அரசாங்கம் தன் செலவில் பயிற்றுவித்தது. அண்மைக் காலத்தில் ஃபுல்பிரைட் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்த அமெரிக்கப் பட்டதாரிகளும் உதவித்தொகையோடு வந்தவர்கள். ஜப்பான் 1987-இல் தொடங்கிய ஜெட் திட்டம் சம்பளமும் விமானச் செலவும் கொடுக்கிறது, பங்கேற்புக் கட்டணம் வாங்குவதில்லை.

ஆக, தேவைப்படுபவர் செலவழிக்கிறார். தாளில் எல்லாச் செலவும் ஆசிரியர் தலையில். அப்படியென்றால் அங்கே வாடிக்கையாளர் பள்ளி இல்லை, என் மாணவிதான்.

தாளுக்கு ஆதரவாக ஒரு வார்த்தை. முதல் முறை தனியாக வெளிநாடு போகும் பெண்ணுக்கு விமான நிலையத்தில் ஓர் ஆள், நடுராத்திரியில் அழைக்க ஓர் எண், அறை தேடும் அலைச்சல் இல்லாத முதல் மாதம் என்பதெல்லாம் சின்ன விஷயமில்லை. அதற்கு ஒரு விலை நியாயம். ஆனால் அது பயண உதவியின் விலை. அதை ஆசிரியர் பயிற்சி என்று பெயர் மாற்றி விற்கக்கூடாது.

ஓரக் குறிப்பு

யாழ்ப்பாணத் தமிழரான சுரேஷ் கனகராஜா அங்கே பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். ஆங்கிலக் கற்பித்தலில் மொழி ஆதிக்கத்தை எதிர்கொள்வது பற்றி 1999-இல் ஒரு நூல் வெளியிட்டார். போர்க்காலத்தில் அவருடைய மாணவர்களுக்குக் கிடைத்தது அமெரிக்கப் பாடநூல். வகுப்பில் பேசாமல் இருந்த மாணவர்கள் அந்த நூலின் ஓரங்களில் எழுதியும் வரைந்தும் வைத்திருந்தார்கள். சினிமா, ஊர் அரசியல் எல்லாம் அங்கே இருந்தன. அந்த ஓரக் குறிப்புகளைத்தான் அவர் ஆராய்ந்தார். அச்சில் வந்ததை மாணவர்கள் அப்படியே விழுங்கவில்லை, பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அவை சான்று.

அதையே என் மாணவியிடம் சொன்னேன். "தாளோட ஓரத்துல எழுதும்மா. ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்துல ஒரு கேள்வி." அவள் எழுதியவை இவை:

1. நிஜ மாணவர் முன் நான் எத்தனை மணி நேரம் கற்பிப்பேன்? அதை யார் உட்கார்ந்து பார்ப்பார்?
2. வேலை கொடுக்கும் பள்ளியின் பெயர் என்ன? ஒப்பந்தத்தைப் பணம் கட்டும் முன் காட்டுவீர்களா?
3. மலேசியக் கடவுச்சீட்டுக்கு எந்த வகை விசா? சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யச் சொல்வீர்களா?
4. பயிற்சிக்கு எவ்வளவு, வேலை தேடித் தருவதற்கு எவ்வளவு, தங்குமிடத்துக்கு எவ்வளவு?
5. விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளில்?
6. வேலைவாய்ப்பு முகவர் உரிம எண் என்ன?

ஆறாவது கேள்வி என் பங்கு. 1981-ஆம் ஆண்டு தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டப்படி, ஆளை வேலையில் அமர்த்தும் நிறுவனத்துக்கு உரிமம் வேண்டும். சட்டத்தின் அட்டவணையில் உள்ளதற்கு மேல் கட்டணம் வாங்கவும் கூடாது. உரிமம் உண்டா என்று தொழிலாளர் இலாகாவில் கேட்கலாம். வெளிநாட்டு வேலை என்று நம்பிப் போய் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பலிடம் சிக்கிய மலேசியர்களின் செய்தியை நாம் வாசித்திருக்கிறோம். எல்லா நிறுவனமும் அப்படி இல்லை. கேட்பதில் தவறும் இல்லை.

கேள்விகளைப் புலனத்தில் அனுப்பினாள். இரண்டுக்குப் பதில் வந்தது. பள்ளியின் பெயரைப் பணம் கட்டிய பிறகுதான் சொல்வார்களாம். அம்மா அதைப் படித்துவிட்டு, "பேரு சொல்லாதவங்களுக்கு எதுக்கு என் வளையலு?" என்றார். நான் நான்கு பக்கம் எழுதிய திறனாய்வை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு இன்னும் வியட்னாம் ஆசை இருக்கிறது. பார்வையாளர் முன் கற்பிக்கும் பயிற்சிக்காக மாதாமாதம் கொஞ்சம் சேர்க்கிறாள். சனிக்கிழமைகளில் கிள்ளானில் ஒரு சமூக வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறாள். முடிந்த வாரங்களில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன். முதல் வாரம் கரும்பலகையைப் பார்த்தே பேசினாள். இப்போது பிள்ளைகளைப் பார்த்துப் பேசுகிறாள். இதற்கு எட்டாயிரம் ஆகவில்லை.

வகுப்பறைக்கு: ஆசிரியர்கள் ஏதாவது ஒரு விளம்பரத்தாளை நகலெடுத்து, நிறுவனப் பெயரை மறைத்துவிட்டுக் கொடுங்கள். கூற்று எது, சான்று எது, சொல்லாமல் விட்டது எது என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். வாதக் கட்டுரைக்குத் தயாராகும் மாணவர்கள் 'வெளிநாட்டில் கற்பிக்கப் பணம் கட்டுவது முதலீடா, செலவா?' என்ற தலைப்பில் இரு தரப்பும் எழுதிப் பாருங்கள். தாளுக்கு ஆதரவான பத்தியைக் கட்டாயம் எழுதுங்கள். எதிர்த்தரப்பை நியாயமாகச் சொல்லத் தெரிந்தவரின் முடிவைத்தான் தேர்வாளரும் நம்புவார், வீட்டில் அம்மாவும் நம்புவார்.