பெட்டியைப் புகழ்கிறோம், கம்பியை மறக்கிறோம்

'பேட்டரி வைத்துவிட்டார்கள்.' வில்லியனூரானாலும் பாகூரானாலும், இதயமுடுக்கி பொருத்திய வீட்டில் நீங்கள் கேட்கும் சொல் இதுதான். அறிவியல் எழுதுவோரும் தோலின் கீழ் வைக்கும் சிறு பெட்டியை வியந்துவிட்டு நின்றுவிடுகின்றனர். இது பாதி அறிவியல்.

பெட்டி இதயத்தைத் தொடுவதே இல்லை. காறை எலும்பின் கீழுள்ள சிரை வழியே செலுத்தப்படும் கம்பிதான் மின்துடிப்பைக் கொண்டு சேர்க்கிறது. இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. அத்தனை முறையும் கம்பி வளைந்து நிமிர்கிறது. 2007இல் மெட்ரானிக் நிறுவனம் தன் ஸ்பிரின்ட் ஃபிடெலிஸ் கம்பிகளின் விற்பனையை நிறுத்தியது. இதயத்துக்கு மின்னதிர்ச்சி தந்து உயிர்காக்கும் கருவிகளுக்கான கம்பி அது. பெட்டியில் குறையில்லை, கம்பிதான் முறிந்தது.

இதயத் தளர்ச்சி உள்ளவருக்குச் சிக்கல் இன்னும் கூடும். வலக் கீழறையை மட்டும் ஓயாமல் தூண்டினால் தளர்ந்த இதயம் மேலும் தளரக்கூடும் என்பதை 2002இல் வெளியான டேவிட் ஆய்வு காட்டியது. இரு கீழறைகளும் ஒருசேரச் சுருங்காதவர்களுக்கு இடப்பக்கத்துக்கும் ஒரு கம்பி தேவை. அதை இதயத்தின் சொந்தச் சிரைக்குள் நுழைக்க வேண்டும். வீங்கிய இதயத்தில் அச்சிரையின் வாயிலைக் கண்டுபிடிப்பதே கடினம். சிரைச் சுவர் கிழியலாம், நுரையீரல் உறையில் காற்றுப் புகலாம், பொருத்திய கம்பி நழுவலாம். விந்தையான தொல்லை ஒன்றும் உண்டு. உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பு அருகிலேயே ஓடுவதால், அதுவும் தூண்டப்பட்டு, விக்கல் போல வயிறு துள்ளும். பெரும்பாலும் வெளியிலிருந்தே கருவியின் அமைப்பை மாற்றிச் சரிசெய்யலாம். ஆனால் 'பேட்டரி' என்று மட்டும் அறிந்தவர் ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருப்பார்!

'கனமான வேலை கூடாது' என்ற அறிவுரையும் போதாது. முதல் சில வாரங்கள் அப்பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது, கம்பி நழுவும். நாற்றுக்கட்டைத் தலைக்கு ஏற்றுவது, கிணற்றில் நீர் இறைப்பது, முருங்கைக்காய் பறிக்கத் துறட்டி பிடிப்பது என்று பெயர் சொல்லி விளக்கினாலன்றி உழவர் வீட்டாருக்கு எப்படிப் புரியும்?

பெட்டி வைத்த இடம் சிவந்து வீங்கினால் அது வெறும் கட்டியன்று. கிருமி கம்பி வழியே இதயம்வரை செல்லக்கூடும். ஊரில் யாரிடமும் ஊசி குத்திச் சீழ் எடுக்கக் கொடுக்காமல், கருவி பொருத்திய மருத்துவமனைக்கே அன்றே செல்லுங்கள். கருவியின் அட்டையும் கையில் இருக்கட்டும்.