வயர் ஓடிய வழி

நெடும்பயணத்துக்குத் தயாரான மோட்டார் சைக்கிளைச் சுற்றிக் கூடுகிறவர்கள் முதலில் பார்ப்பது ஹாண்டிலைத்தான். போன் தாங்கி, யூஎஸ்பி சார்ஜர், கமெரா, மூடுபனி லைற் என்று அங்கே ஒரு கண்காட்சியே நடக்கும். எனக்கு அதில் பெரிய நாட்டமில்லை. காசிருந்தால் யாரும் வாங்கிப் பூட்டலாம். சீற்றைக் கழற்றி, வயர் எந்த வழியாக ஓடியிருக்கிறது என்று பார்த்தால்தான் வேலை செய்தவரின் கை தெரியும்.

சல்லியில் அந்தக் கைக்குப் பரீட்சை வைப்பது உப்புக்காற்று. உப்புவெளிக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்து, முத்துமாரியம்மன் கோயிலும் மணலும் கடலுமாகக் கிடக்கிற ஊர். திறந்து கிடக்கும் செம்புக் கம்பி இங்கே சீக்கிரமே பச்சை பூத்துவிடும். பூத்த இடத்தில் மின் ஓட்டம் திணறும், சூடு ஏறும், ஒருநாள் சார்ஜர் செத்துப்போகும். கறுப்பு ரேப்பைச் சுற்றிவிட்டு 'வேலை முடிஞ்சுது' என்கிற பாஸ்மாரின் வேலை ஒரு வருசம் தாங்காது. கச்சான் அடிக்கிற மாதங்களில் ரேப்பின் பசை இளகி வழியும். பிறகு மாரி மழை அதற்குள் இறங்கும். படகு வயரிங்குக்கென்றே வெள்ளீயம் பூசிய செம்பு வயர் இருக்கிறது, விலையும் கூட. பைக்குக்கும் அதையே தேடிப் பிடித்துப் போட்டிருந்தால் அந்த பாஸை நம்பலாம்.

கணக்கு அப்படியொன்றும் கடினமில்லை. போன் சார்ஜர் 5 வோல்ற்றில் 2 அம்பியர், அதாவது 10 வாற் கொடுக்கும். அதற்கு 12 வோல்ற் பற்றரியிலிருந்து இழுப்பது ஏறத்தாழ ஒரு அம்பியர். சாதாரண 35 வாற் ஹெட்லைற் இதைப்போல மூன்று மடங்கு தின்னும். ஆகவே போனுக்குப் பயப்படத் தேவையில்லை. மூடுபனி லைற் சோடியும் வண்ண விளக்குச் சரமும் சேரும்போதுதான் 100 சிசி வண்டியின் கொயில் திணறும். (வண்ண விளக்குச் சரம் எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) நல்ல பாஸ், 'எல்லாம் சேர்த்து எத்தினை வாற்?' என்று கேட்டுவிட்டுத்தான் குறட்டைக் கையிலெடுப்பார்.

பற்றரியின் நேர்முனையிலிருந்து கையளவு தூரத்துக்குள் பியூஸ், அடுத்து நாலு கால் ரிலே. 30 ஆம் காலுக்குப் பற்றரி, 87 க்குச் சார்ஜர். மற்ற இரண்டும் திறப்புப் போட்டால் மட்டும் உயிர் வரும் சின்ன வயருக்கும் ஏர்த்துக்கும். திறப்பை எடுத்தால் எல்லாம் அணைந்துவிட வேண்டும்.

நான் நின்று ரசிக்கும் இடம் ஹாண்டிலின் கழுத்து. அங்கேதான் வயர் நாள் முழுக்க வளைந்து நிமிர்கிறது. ஹாண்டிலை இடமாக முட்ட ஒடித்தாலும் வலமாக ஒடித்தாலும் அது இழுபடக்கூடாது, நசியவும் கூடாது; அந்த அளவுக்கு மட்டும் தளர்வு விட்டிருக்க வேண்டும். ஈயம் பற்றவைத்த மூட்டு அந்த வளைவில் வரவே கூடாது. ஈயம் ஏறிய இழைகள் விறைத்து, அதிர்வில் முறிந்துவிடும். சார்ஜருக்குள் நுழையுமுன் வயர் ஒருமுறை கீழே தாழ்ந்து மேலேறும், மழைத்தண்ணீர் அந்தத் தாழ்விலேயே சொட்டி விழட்டும் என்று. இந்தச் சின்ன வளைவைக் கண்டால் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

இரண்டு சக்கரத்தில் மின்சாரம் பிடிப்பது எங்களுக்குப் புதிதுமல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பற்றரி கிடைக்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் றேடியோச் செய்தி கேட்டார்கள். 2022 இல் பெற்றோல் செட்டில் கியூஆர் காட்டி எண்ணெய் அடித்த நாட்களில், சார்ஜ் இறங்கிய போனோடு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த 10 வாற்றின் அருமை தெரியும்.

தூரமும் இப்போது கைக்கு எட்டுகிறது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை வண்டியைப் பாதைப் படகில் ஏற்றித்தான் அக்கரை சேர வேண்டியிருந்தது. இன்று சல்லியில் வெளிக்கிட்டால் மூதூர், வெருகல், வாகரை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கதிர்காமம் வரை நிறுத்தாமல் ஓடலாம். அவ்வளவு தூரம் போனை வெறும் தாங்கியில் பூட்டாதீர்கள். பெரிய எஞ்சின்களின் அதிர்வு கமெராவைக் கெடுக்கலாம் என்று 2021 இல் அப்பிள் நிறுவனமே எச்சரித்தது. அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்த தாங்கியாக வாங்குங்கள்.

வண்டியை எடுக்கப் போகும்போது பாஸிடம், 'பியூஸ் எங்கே?' என்று கேளுங்கள். அவர் சட்டென்று கையை வைத்துக் காட்ட வேண்டும். தேட ஆரம்பித்தால் வேறு ஆளைப் பாருங்கள். உதிரியாக 5 அம்பியர் பியூஸ் இரண்டை சீற்றின் அடியில் ஒட்டிக்கொண்டு புறப்படுங்கள்.