பெரும் பெயரும் சிறு சான்றும்

நிலமிசை வாழ்ந்த விலங்குகளுள் மிகப் பெரியது தமிழ்நாட்டிலே வாழ்ந்தது என்னும் கூற்று, தமிழர் வாழும் இடமெங்கும், கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை வகுப்பறைகளிலுங்கூடப் பெருமிதத்தோடு பேசப்படுகின்றது. பெருமை கொள்ளுமுன் அக்கூற்றின் அடிப்படை எத்தகையதென வினாவுதல் கற்றோர் கடனாகும்.

அரியலூர்ப் பகுதியிலுள்ள கல்லமேட்டுப் படிவுகள் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அங்குக் கிடைத்த டைனோசர் என்புகளைப் பற்றி மாற்லி என்னும் ஆங்கிலேயப் புவிச்சரிதவியலாளர் 1929இல் எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினரான யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் அவ்விடத்தில் எடுத்த இடுப்பென்பு, தொடையென்பின் பகுதி, கணைக்காலென்பு, முன்கையென்பு, வாலின் முள்ளென்பு என்பவற்றைக் கொண்டு 1987இல் ஒரு புதிய விலங்கினை அறிவித்தனர். பேருடல் படைத்தது என்னும் பொருள்பட, மாற்லியின் நினைவையும் இணைத்து, அதற்குப் ‘பிருகத்காயோசோரஸ் மாற்லியி’ எனப் பெயரிட்டனர். கணைக்காலென்பின் நீளம் 2 மீற்றர் எனப்பட்டது.

முழு என்புக்கூடு கிடைத்தல் மிக அரிது. ஆகலின் அறிஞர், என்பின் மூட்டுமுகம், தசை பற்றியிருந்த மேடு, நரம்பும் குருதிக்குழாயும் சென்ற துளை முதலியவற்றை முன்னரே அறியப்பட்ட என்புகளோடு ஒப்பிட்டு இனத்தைத் துணிவர். ஊனுண்ணிகள் பலவற்றின் பல்லில் அரம் போன்ற விளிம்பு உண்டு. நெடுங்கழுத்துத் தாவரவுண்ணிகளின் முள்ளென்புகளிற் காற்றறைகள் உண்டு. புதுப்பெயர் பெறும் விலங்கோ பிறவற்றில் இல்லாத தனியிலக்கணம் ஒன்றையேனும் காட்டுதல் வேண்டும். பருமை மட்டும் இலக்கணமாகாது. அது வேறு பேருயிர்களிடத்துஞ் செல்லுதலின், தருக்க நூலார் கூறும் அதிவியாத்தி என்னும் குற்றத்துக்கு இடமாகும்.

இவ்வளவுகோல் கொண்டு நோக்கின், 1987ஆம் ஆண்டுக் கட்டுரையின் குறை புலனாகும். அது இவ்விலங்கினை ஊனுண்ணி வரிசையில் வைத்தது. பின்வந்த அறிஞரோ நெடுங்கழுத்துத் தாவரவுண்ணி எனக் கொண்டனர். என்புகளுக்குக் கோட்டுப்படங்களே தரப்பட்டமையின், அவை கல்லாய்ச் சமைந்த மரத்துண்டுகளோ என ஐயுற்றாரும் உளர். சாத்தனூரில் 18 மீற்றர் நீளமான கல்மரம் கிடக்கும் அந்நிலப்பரப்பில் இவ்வையம் வீணானதன்று. மெல்லிய சீவலொன்றை நுணுக்குக்காட்டியில் நோக்கின், மரத்தின் கலவரிசையும் என்பின் குருதிக்கால்வாய்களும் தத்தம் வேறுபாட்டைத் தாமே கூறிவிடும். ஆயின் அவ்வழி இன்று அடைபட்டது. தோண்டி எடுத்த என்புகள் பொடிந்து அழிந்தன என்ற செய்தி 2017இல் வெளிவந்தது. அகழ்விடத்தில் எடுத்த ஒளிப்படங்கள் 2022இல் வெளியாகி மரம் என்னும் ஐயத்தைப் பெரிதும் தளர்த்தின; 2023இல் இருவர் அவ்விலங்கின் நிறையை 100 தொன்னுக்கும் மேலாக மதிப்பிட்டனர். எனினும் படம் வடிவத்தைக் காட்டுமேயன்றி, மறுபரிசோதனைக்கு உட்படும் பொருளாக மாட்டாது.

அவ்விருவரே 1979இல் ‘திராவிடோசோரஸ்’ எனப் பெயரிட்ட உயிரின் கதையும் இதனையொத்தது. முதுகில் தகடு தாங்கிய டைனோசர் என அவர் கொண்டதைக் கடல்வாழ் ஊர்வன இனமெனச் சங்கர் சட்டர்ஜி மறுத்தார். அம்மறுப்புக்கு உடன்படாதாரும் உளர். பெயரின் இனிமை வழக்கைத் தீர்க்கவில்லை.

இலங்கைக்கும் இப்படிப்பினை உரியது. கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராய் விளங்கிய தெரணியகல, குருவிட்டையிற் கிடைத்த பல்லை ஆதாரமாகக் கொண்டு 1939இல் இலங்கைச் சிங்கம் என ஒரு கிளையினத்தை நிறுவினார். இக்காலச் சிங்கத்தின் பல்லினும் அது ஒடுங்கி நீண்டது என்றார். ஆனால் அது சிங்கத்தின் பல்லே எனத் துணிந்தமைக்குரிய காரணத்தைத் தெளிவுற விளக்கினாரல்லர். தம்மவர் கூற்றாயினும் பிறர் கூற்றாயினும் அளவுகோல் ஒன்றே.

இதனால் அவ்வறிஞரின் உழைப்பு சிறுமையுறாது. வெயிலிலும் மழையிலும் நின்று புதைந்தவற்றை அகழ்ந்தெடுத்தோர் அவரே. கல்லமேட்டில் ஒரு பேருயிர் வாழ்ந்தது என்பது நம்பத்தக்கது. உலகில் அதுவே பெரியது என்பது இன்னும் நிறுவப்படாதது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதலே கல்வி. என்பைக் கண்டெடுத்தலோடு அதனைக் காத்தலும் ஆராய்ச்சியின் பாகமாகும். கல்லமேட்டில் நேர்ந்த இழப்பு ஒரு விலங்கின் என்புகளை மாத்திரமன்று. அவ்வழக்கைத் தீர்க்கும் சாட்சியத்தையும் கொண்டுபோயிற்று.