கடினமும் மீக்கடத்தலும்: ஒரே கல்லுல காட்டுங்க

கொல்லிமலையோட உடம்பு பெரும்பாலும் சார்னோகைட் பாறை. சம்மட்டி அடிச்சா எகிறும்; மின்சாரம் பாயாது. மலைமேல இருந்த பாக்சைட்டை வெட்டி, மேட்டூருக்குக் கொண்டுபோய் அலுமினியம் எடுத்தாங்க. அந்த அலுமினியம் 1.2 கெல்வினில் மீக்கடத்தி, அதாவது மின்தடை சுத்தமா பூஜ்யம். ஆனா அதோட கம்பியைக் கையாலயே வளைச்சிடலாம். கடினம், மீக்கடத்தல் ரெண்டையும் ஒரே பொருளில் வடிவமைக்க முடியுமா என்று தேடும் ஆய்வுகள் நிறைய வருது. அவற்றைப் படிக்கும்போது எனக்கு ஒரு குறை தோணும்.

முதலில் விஷயம். வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு பிணைப்புகளால் இறுகியிருக்கு. அதனால்தான் அந்தக் கடினம். நடமாட எலக்ட்ரான் இல்லாததால மின்சாரம் ஓடாது. ஒரு எலக்ட்ரான் குறைவான போரானைக் கலந்தா காலியிடங்கள் உண்டாகி, ஓடும். இறுகிய பிணைப்பு வேகமா அதிரும். அந்த அதிர்வுதான் மீக்கடத்தலுக்கான ஜோடிகளைச் சேர்க்குது. ஆக, கடினம் இங்கே எதிரி இல்லீங்க, கூட்டாளி. ஆனா போரான் கூடக்கூட பிணைப்பு தளரும். சிக்கல் அங்கேதான்.

2004இல் ரஷ்யாவின் எக்கிமோவ் குழு, சுமார் 2.8 சதவீதம் போரான் கலந்த வைரம் சுமார் 4 கெல்வினில் மீக்கடத்தியாவதை அளந்து காட்டியது. 2008இல் காலாந்த்ராவும் மௌரியும், ஐந்து கார்பனுக்கு ஒரு போரான் உள்ள வைர வடிவப் பொருளுக்கு 45 கெல்வின் என்று கணக்கிட்டார்கள். 2009இல் சோலோசென்கோ குழு அதை 24 ஜிகாபாஸ்கல் அழுத்தத்தில் செஞ்சே காட்டியது. கடினம் 71 ஜிகாபாஸ்கல். சுத்த வைரத்துக்கு அது சுமார் 100.

45ஐயும் 71ஐயும் பக்கத்துல வச்சுப் படிச்சா 'கிடைச்சாச்சு'ன்னு தோணும். ஆனா 71 அளந்தது, 45 கணக்கு. கணக்கு ஒழுங்கான படிகத்துக்கு. செஞ்ச மாதிரியோ நுண்ணிய மணிகளால் ஆனது. வெறும் கணினி ஆய்வுகளில் கடினத்தையும் பெரும்பாலும் மீள்திறன் எண்களிலிருந்து ஊகிச்சுத்தான் எழுதுறாங்க. ரெண்டு ஊகத்தைச் சேர்த்தா ஒரு பொருள் ஆயிடாது.

சென்னை ஐஐடியில் மீக்கடத்தும் போரான் வைரப் படலங்கள் பற்றிய ஆய்வு ஏற்கெனவே நடந்திருக்கு. 2023 பட்ஜெட்டில் அறிவிச்ச ஆய்வக வைரத் திட்டமும், ஐந்தாண்டுக்குச் சுமார் 242 கோடி ரூபாயோட, அங்கேதான் போச்சு. விதைக்கல்லும் இயந்திரமும் நாமே செய்யணும்ங்கறது நோக்கம். நல்லதுதான். ஆனா நகைக்கல்லோட நிக்கக் கூடாது. ஒரு அறையை இதுக்குன்னே ஒதுக்கணும்; ஏன்னா மிச்சப் போரான் ஒட்டினா அடுத்த கல் நீலமாயிடும். அதில் வளரும் படலத்தின் கடினத்தையும், அதே படலம் மீக்கடத்தியாகும் வெப்பநிலையையும் ஒரே அட்டவணையில் தரணும்.

கணக்கில் வரும் 45ஐ விட, அப்படி அளந்து வரும் 4 எனக்குப் பெருசு.