குடிபெயர்வோரும் குடிக்கூலி பெறுவோரும்

உலகிலேயே உயர்ந்த சம்பளம் பெறும் தொழிலாளருள் ஒரு சாரார், தாம் உழைக்கும் நகரத்தில் வாழ வழியின்றி அதனை விட்டு வெளியேறுகின்றனர் என்றால் நம்புவது கடினம். ஆயினும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்தது அதுவே. 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 874,000 ஆக இருந்த அந்நகரின் மக்கள் தொகை, மறு ஆண்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 815,000 ஆகக் குறைந்தது. வெளியேறியோர் யாவரும் கணினித் துறையினர் அல்லர். எனினும் கொள்ளைநோய்க் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்ற நிலை பிறந்ததும், அத்துறையினர் பலர் வாடகை குறைந்த ஊர்களை நாடிச் சென்றனர். இதனைத் தனிமனிதர் தம் வாழ்வைத் தாமே தெரிந்தெடுத்த சுதந்திரக் கதையாகப் பத்திரிகைகள் பல எழுதின. அந்நகரைப் பொருளாகக் கொண்டு எழுந்த கலைப்படைப்புக்கள் இக்கதையை எவ்வாறு நோக்குகின்றன என்பது ஆராயத்தக்கது.

2019 இல் ஜோ டால்பட் இயக்கிய படமொன்றின் பெயர், ‘சான் பிரான்சிஸ்கோவின் கடைசிக் கறுப்பின மனிதன்’ எனப் பொருள்படும். பில்மோர் பகுதியிலுள்ள பழைய வீடொன்றைத் தன் பாட்டனார் 1946 இல் கட்டினார் என அதன் கதாநாயகன் ஜிம்மி நம்புகின்றான். அங்கே வேறு குடும்பத்தினர் வாழ, அவர்களுக்குத் தெரியாமற் சென்று வண்ணம் பூசி அதனைப் பேணுகின்றான். ஈற்றில், பாட்டனார் கட்டிய வீடு அதுவன்று என்னும் உண்மை வெளியாகின்றது. அவன் தனியே படகேறி நகரை நீங்குகின்றான். 1942 இல் ஜப்பானிய வம்சாவளியினர் தடுப்பு முகாம்களுக்கு அகற்றப்பட்ட பின், யுத்தகாலத் தொழிலுக்கு வந்த கறுப்பின மக்கள் குடியேறிய பகுதி பில்மோர். பின்னர் நகரப் புனரமைப்பு என்ற பெயரில் அவர்களும் அங்கிருந்து பெயர்க்கப்பட்டனர். உழைத்துப் பேணியவனுக்கு வீடு இல்லை என்னும் உண்மையை இப்படம் உள்ளத்தில் தைக்குமாறு காட்டுகின்றது. ஆயின் வீட்டுத் தரகன் ஒருவனைக் காட்டிய படம், அவனுக்குப் பின்னால் நிற்கும் உடைமை முறையை ஆழ்ந்து நோக்கவில்லை. துயரம் அழகிய காட்சிகளிற் கரைந்துவிடுகின்றது.

மறுகரையிலிருந்து எழுதப்பட்டது, 2020 இல் வெளிவந்த அன்னா வீனரின் ‘அன்கனி வெலி’ என்னும் நினைவு நூல். நியூயோர்க்கில் புத்தக வெளியீட்டுத் துறையிற் குறைந்த ஊதியத்துக்கு உழைத்த ஆசிரியை, சான் பிரான்சிஸ்கோ சென்று கணினி நிறுவனங்களிற் பணிபுரிந்த அனுபவத்தை நேர்மையோடு கூறுகின்றார். நிறுவனங்களின் பெயர்களைச் சொல்லாமல் அவற்றின் இயல்பை விவரித்தே இனங்காட்டும் உத்தி அங்கதச் சுவை மிக்கது. எனினும் ஆசிரியையின் பார்வை, அந்நகரைக் கெடுப்பதில் தமக்குள்ள பங்கு யாது என்னும் குற்றவுணர்வையே பெரிதும் சுற்றி வருகின்றது. நொந்துகொள்ளும் மனச்சாட்சியால் வாடகைப் பணம் யாரிடம் போய்ச் சேருகின்றது என்னும் கணக்கைத் தீர்க்க முடியாது.

ஒரு படைப்பு வெளியேற்றப்பட்டவனைக் காட்டுகின்றது. மற்றது வந்து குடியேறியவரைக் காட்டுகின்றது. இவ்விருவருக்கும் அப்பால் நின்று இலாபமடையும் நிலவுடைமையாளர் இரண்டிலும் தெளிவாகத் தென்படவில்லை. இத்தனைக்கும் அவரை இனங்காட்டிய நூலொன்று அதே நகரத்திலேதான் பிறந்தது. அங்கே பத்திரிகையாளராக விளங்கிய ஹென்றி ஜோர்ஜ், 1879 இல் வெளிவந்த ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்ற நூலில், சமுதாயத்தின் உழைப்பால் உயரும் நில மதிப்பு உழைக்காத உடைமையாளரைச் சேருவதை விளக்கினார். நில வரி ஒன்றே போதும் என்ற அவரது தீர்வை மார்க்ஸ் ஏற்கவில்லை. ஆயினும் அவர் சுட்டிய நோய் பொய்யன்று. கலிபோர்னியா வாக்காளர் 1978 இல் நிறைவேற்றிய 13 ஆம் பிரேரணை, ஆதன வரியை மதிப்பின் நூற்றுக்கு 1 வீதமாக மட்டுப்படுத்தியதோடு, ஆதனம் கைமாறும்வரை அம்மதிப்பை ஆண்டுக்கு 2 வீதத்துக்கு மேல் உயர்த்தலாகாது எனவும் விதித்தது. நிலத்தை நெடுங்காலம் பிடித்து வைத்திருப்போருக்கு இதனைவிட வேறென்ன பாதுகாப்பு வேண்டும்?

வெளியேறிய தொழிலாளியின் சுதந்திரத்துக்கும் விலை குறிக்கப்பட்டது. மலிந்த ஊர்களுக்குச் செல்வோரின் சம்பளம் அவ்வூர்களுக்கேற்பத் திருத்தப்படும் என 2020 மே மாதத்தில் பேஸ்புக் அறிவித்தது. அதே ஆண்டு ஸ்ட்ரைப் நிறுவனம், நகரை விட்டுச் செல்வோருக்கு ஒருமுறை 20,000 டொலர் வழங்கி, சம்பளத்தில் நூற்றுக்கு 10 வீதம் வரை குறைக்க முன்வந்தது. வாடகையில் மிஞ்சுவதில் ஒரு பகுதி இவ்வாறு முதலாளியின் கைக்கே திரும்புகின்றது. அவர்கள் சென்று சேர்ந்த ஊர்களுள் ஒன்றான ஐடாஹோ மாநிலத்துப் பொய்சியில் வீட்டு விலைகள் மளமளவென உயர்ந்தன. அம்மாநிலத்திற் சட்டம் விதித்த ஆகக் குறைந்த கூலியோ அவ்வாண்டுகளில் மணிக்கு 7.25 டொலராகவே நின்றது. வீட்டுப் பிரச்சினையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துவதே முதலாளித்துவம் அறிந்த தீர்வு என எங்கெல்ஸ் 1872 இல் எழுதியதற்கு இதனிலும் தெளிவான உதாரணம் தேவையில்லை.

கொழுத்த சம்பளம் பெறுவோருக்காக நாம் ஏன் இரங்கவேண்டும் எனச் சிலர் கேட்கலாம். இரக்கம் இங்கே முக்கியமன்று. பொய்சியின் உணவுச்சாலைப் பணியாளன் தன் வாடகை உயர்ந்ததற்குக் கணினித் தொழிலாளியைப் பகைக்கின்றான்; அவனோ தன்னைத் துரத்திய வாடகையை நகரத்தின் விதி என நினைத்து வந்திருக்கின்றான். இருவரும் ஒருவரையொருவர் நோக்கி முகஞ் சுளிக்கும்வரை வாடகை பெறுவோருக்குக் கவலையில்லை. வெளியேறுவோரின் கதையை எழுத முன்வரும் படைப்பாளி, அவர்களுடைய ஏக்கத்தோடு நின்றுவிடாது, அவர்கள் மாதந்தோறும் செலுத்தும் பணத்தைப் பின்தொடர்ந்து செல்லவேண்டும். அப்பணம் சென்று சேரும் வீட்டின் கதவைத் தட்டும் நாவலையே நாம் எதிர்பார்க்கின்றோம்.