போதிக்கலாம், கடைப்பிடிக்கலாமா?

நீதிமன்றத் தீர்ப்பொன்றைத் திறனாய்வுக்கு உரிய ஏடாகக் கொள்ளலாமா என்று கேட்போர் இருக்கக்கூடும். கொள்ளலாம் என்பதே நமது விடை. சொல்லை நிறுத்துப் பார்ப்பதுதான் திறனாய்வு எனில், தீர்ப்பைப் போல் நிறுத்துப் பார்க்கப்பட வேண்டிய ஏடு வேறு எது? காவியத்திலே ஒரு சொல் பிழைத்தால் புலவனுக்கு இழுக்கு, அவ்வளவே. தீர்ப்பிலே ஒரு சொல் பிழைத்தால், புலமைக்கும் வழக்குக்கும் தொடர்பே இல்லாத எளியவனுக்கு இழப்பு!

அத்தகைய ஏடு ஒன்று 2015-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலிருந்து வெளிவந்தது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் செய்துகொள்ளும் மணத்தை எல்லா மாநிலங்களும் ஏற்றல் வேண்டும் என்பது அதன் முடிபு. ஒன்பது நீதிபதிகளில் ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். அந்நாளிலிருந்து அந்நாட்டுக் கிறித்தவர்களிலே ஒரு பெரும் பகுதியினர், "எமது சமய உரிமைக்கு இடுக்கண் நேர்ந்துவிட்டது" என்று முறையிட்டு வருகின்றனர். அந்த முறையீட்டை எள்ளி நகையாடி ஒதுக்குவது நமக்கு எளிது. மதவாதியின் கூக்குரல் என்று ஒரே வரியிலே தீர்ப்புக் கூறிவிடலாம். ஆனால் ஆராயாமல் தள்ளுவதும் ஆராயாமல் கொள்ளுவதும் ஒரே நோயின் இரு வடிவங்கள் என்று ஊரெல்லாம் பேசிய நாம், அதனைச் செய்யலாகாது. எனவே ஏட்டைப் புரட்டுவோம்.

வழக்கின் கதை உள்ளத்தை உருக்குவது. ஒகையோ மாநிலத்து ஜிம் ஒபர்கபெல்லும் ஜான் ஆர்தரும் இருபது ஆண்டுகட்கு மேலாக இணைந்து வாழ்ந்தவர்கள். ஆர்தரைத் தசை நலிவிக்கும் கொடிய நரம்பு நோய் பற்றிற்று. சாவதற்கு முன் மணம் செய்துகொள்ள விழைந்தனர். சொந்த மாநிலம் அதற்கு இடந்தரவில்லை. 2013-இல், நோயாளியைச் சுமந்துகொண்டு மருத்துவ வானூர்தி ஒன்று மேரிலாந்து மாநிலத்தில் இறங்கிற்று. அவரால் கீழே இறங்க இயலவில்லை. ஓடுதளத்தில் நின்ற ஊர்திக்குள்ளேயே மணம் நடந்தேறியது. மூன்று திங்கள் கழித்து அவர் மாண்டார். இறப்புச் சான்றிதழிலே "வாழ்க்கைத் துணை" என்ற இடத்தில் ஒபர்கபெல்லின் பெயரைப் பொறிக்க ஒகையோவின் சட்டம் இணங்கவில்லை. வாழும்போது பிரிக்க முடியாத இருவரைச் சாவுக்குப் பின் தாளிலே பிரித்துவைத்தது சட்டம்!

ஐவரின் சார்பில் தீர்ப்புரை தீட்டியவர் ஆந்தனி கென்னடி. கற்றோர் நடை, கன்பூசியசும் சிசரோவும் அதிலே வந்து போகின்றனர். திருமணத்தின் மேன்மையைப் பற்றிய பகுதிகள் உரைநடைப் பாட்டு என்றே கூறத்தக்கவை. மறுதலித்து எழுதிய ஸ்காலியா அந்நடையைக் கேலி செய்தார். சீன உணவு விடுதியில் பணியாரத்துக்குள் மடித்துவைக்கும் குறிசொல்லும் சீட்டோடு ஒப்பிட்டார். கேலி சற்றுக் கடுமைதான். எனினும் அதிலே ஓர் உண்மை இல்லாமற் போகவில்லை. அலங்காரம் மிகுந்த இடத்திலே வரையறை மெலிகிறது. இந்தக் குறை, சமயத்தாரைப் பற்றி அவர் எழுதிய பத்தியிலேதான் வெளிப்படையாகத் தெரிகிறது. ஒருபால் மணம் தகாதது என்று மனமார நம்புவோர் அதனைத் தொடர்ந்து எடுத்துரைக்கலாம், போதிக்கலாம் என்கிறார் கென்னடி. கண்ணியமான பேச்சு. ஆயின் அத்துடன் நிறுத்திவிட்டார்.

தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் தமது மறுப்புரையில் கை வைத்த இடம் இதுவே. அரசியல் சட்டம் சமயத்தைப் போதிக்க மட்டுமா உரிமை தருகிறது? கடைப்பிடிக்க அன்றோ உரிமை தருகிறது! "போதித்தல்" என்ற சொல் இருக்க, "கடைப்பிடித்தல்" என்ற சொல் எங்கே போயிற்று என்று கேட்டார் அவர். மணமான மாணவர்க்கு ஆணும் பெண்ணுமான இணையர் என்றால் மட்டுமே இல்லம் தரும் சமயக் கல்லூரியையும், ஒருபால் இணையர்க்குக் குழந்தையைத் தத்துத்தர மறுக்கும் சமய நிறுவனத்தையும் எடுத்துக்காட்டினார். திறனாய்வாளன் செய்யவேண்டிய வேலையை நீதிபதி செய்தார் என்று பாராட்டவே வேண்டும். விடுபட்ட சொல்லைக் கண்டுபிடிப்பது எழுதப்பட்ட சொல்லுக்கு உரை காண்பதிலும் அரிய செயல்.

அச்சம் வெறுங்கற்பனையும் அன்று. 1983-இல், வெள்ளையரும் கறுப்பரும் காதல் கொள்ளலாகாது எனத் தடை விதித்திருந்த பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் வரிவிலக்கை இழந்தது. எட்டு நீதிபதிகள் அரசின் பக்கம். ஒருவர் மட்டுமே எதிர்ப்பக்கம். 2015-இல் வழக்குரை நடந்தபோது, அதே நிலை இன்று ஒருபால் மணத்தை ஏற்காத சமயக் கல்லூரிகட்கும் வருமா என்று நீதிபதி அலிட்டோ வினவினார். அது ஒரு சிக்கலாகவே எழும் என்று அரசு வழக்கறிஞரே ஒப்புக்கொண்டார். அரசின் வாயாலேயே அச்சத்துக்கு வித்திட்டபின், அஞ்சுவோரை நகைப்பது முறையாகுமா?

இத்தனையும் ஒப்புகிறோம். ஆனால் அச்சம் உண்மையானது என்பதனாலேயே அவர்தம் கோரிக்கை முழுதும் நேரியது ஆகிவிடாது. வர்ஜீனியா மாநிலத்து வெள்ளையர் ஒருவர் கறுப்பினப் பெண்ணை மணந்தார். அது குற்றமெனத் தண்டித்த நீதிபதி, இனங்களை ஆண்டவன் வெவ்வேறு கண்டங்களில் வைத்தான், கலக்க வேண்டும் என்று அவன் கருதவில்லை என்று 1965-இல் எழுதினார். 1967-இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை அடியோடு நீக்கியது. அடுத்த ஆண்டே, தென் கரோலினாவிலே கறுப்பரைத் தன் உணவு விடுதியில் அமரவிடாத முதலாளியின் வழக்கு அங்கே வந்தது. இனங்கள் கலப்பது இறைவன் ஆணைக்கு மாறு என்று அவர் வாதாடினார். சற்றும் பொருட்படுத்தத்தகாத வாதம் என்று மன்றம் ஒதுக்கியது. அன்றும் நம்பிக்கை மனமார்ந்ததே! மனமார்ந்த நம்பிக்கை மற்றவனுக்குக் கதவடைக்கும் உரிமை ஆகாது என்ற பாடத்தை அந்நாடு அரும்பாடுபட்டுக் கற்றது. "கடைப்பிடித்தல்" என்ற சொல்லை மீட்ட ராபர்ட்ஸ், அச்சொல்லுக்கு எல்லை எது எனத் தம் மறுப்புரையில் வரையவில்லை. அவர் ஏட்டிலே நாம் காணும் குறை அதுவே.

எல்லையை நாமே வரைந்து பார்ப்போம். இடங்கள் மூன்று: கோயில், அலுவலகம், கடை.

முதலாவது, கோயில். எந்தப் பாதிரியாரையும் அவர் நெறிக்கு மாறான மணத்தை நடத்திவைக்கும்படி அரசு கட்டாயப்படுத்தக் கூடாது. இதில் இரு கருத்துக்கு இடமில்லை. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரசு இயற்றிய திருமண மதிப்புச் சட்டம் இதனைத் தெளிவாகவே எழுதிவைத்தது. சமய நிறுவனங்கள் மணச்சடங்குக்குத் துணைபுரியத் தேவையில்லை. அச்சட்டத்தைக் காட்டி அவற்றின் வரிவிலக்கிலும் கைவைக்க இயலாது. ஒருபால் மணத்தை ஏற்காத மார்மன் சபையினர் அச்சட்டத்தை ஆதரித்தனர். கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தனர். தீர்ப்பு விட்டுவைத்த இடைவெளியைச் சட்டம் பெருமளவு நிரப்பிற்று எனலாம்.

இரண்டாவது, அலுவலகம். கென்டக்கி மாநிலத்து ரோவன் வட்டாரத்தில் கிம் டேவிஸ் என்ற எழுத்தர், மண உரிமச் சீட்டு வழங்க 2015-இல் மறுத்தார். தாம் மறுத்ததோடு நில்லாமல் தம் கீழ்ப் பணியாளரும் வழங்கலாகாது எனத் தடுத்தார். நீதிமன்ற ஆணையை மீறியதற்காக ஐந்து நாள் சிறையில் இருந்தார். அவருக்காகக் கண்ணீர் வடித்தோர் பலர். நாம் கேட்பது ஒன்றே: மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் பெற்று, மக்கள் வந்து நிற்கும் மேசைக்குப் பின்னே அமர்ந்தபின், அந்த மேசை அவருடையதா, மக்களுடையதா? அடுத்த ஆண்டு, சீட்டில் எழுத்தரின் பெயரே வேண்டாம் என்று அம்மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. அவர் மனச்சான்றும் காக்கப்பட்டது. மணமக்கள் உரிமையும் காக்கப்பட்டது. தாளில் ஒரு வரியை நீக்கினால் தீரும் வழக்குக்குச் சிலுவைப்போர் எதற்கு? தீர்ப்பையே மாற்ற வேண்டும் என்று அவர் செய்த முறையீட்டை 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

மூன்றாவது, கடை. இங்கேதான் வழி கடினம். கொலராடோவிலே ஜாக் பிலிப்ஸ் என்ற கேக் கடைக்காரர், 2012-இல் இரு ஆடவரின் மணவிழாவுக்குக் கேக் செய்து தர மறுத்தார். 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் மறுக்கும் உரிமை எல்லாக் கடைக்காரர்க்கும் உண்டு என்று அது கூறவில்லை. மாநில ஆணையம் அவர் நம்பிக்கையைப் பகைமையோடு நோக்கிற்று என்பதே அடிப்படை. ஆணைய உறுப்பினர் ஒருவர், அடிமை முறைக்கும் யூதர் படுகொலைக்கும் மதம் துணைபோனதைச் சுட்டி, மதத்தைக் காட்டிப் பிறரைப் புண்படுத்துவது இழிந்த வாதம் என்று பேசியிருந்தார். 2023-இல் வலைத்தளம் வடிவமைக்கும் பெண்மணி ஒருவரின் வழக்கில், தாம் ஏற்காத கருத்தை எழுதித்தருமாறு அரசு அவரைக் கட்டாயப்படுத்தலாகாது என்று ஆறு நீதிபதிகள் கூறினர், மூவர் மறுத்தனர்.

நமது அளவுகோல் இது: சொல்லை மறுக்கலாம், ஆளை மறுக்கலாகாது. அச்சகம் நடத்தும் நம் தோழர் ஒருவரிடம், வருணாசிரமத்தைப் புகழும் துண்டறிக்கையை அச்சடிக்கச் சொன்னால் "முடியாது" என்பார். அது அவர் உரிமை. ஆனால் அதே ஆள் வெறுந்தாள் வாங்க வந்தால், "உமது சாதிக்கு இங்கே தாள் இல்லை" எனக் கூற அவருக்கு உரிமை இல்லை. கொலராடோக் கடையிலே, கேக்கின் மேல் என்ன எழுதுவது என்ற பேச்சே எழுவதற்கு முன் மறுப்பு வந்துவிட்டது. மற்ற பண்டங்களை விற்பேன் என்று அவர் கூறியதை மறக்கவில்லை. ஆயினும் மறுக்கப்பட்டது எழுத்தா, ஆளா என்றால், ஆளே என்பது நம் கருத்து.

அதேபோது அந்த ஆணைய உறுப்பினரையும் நாம் பாராட்டுவதற்கில்லை. அவர் சொன்ன வரலாறு பொய்யன்று. அடிமை முறைக்கு விவிலியம் காட்டினோர் இருந்தனர். அடிமை ஒழிப்புக்கு அதே விவிலியம் காட்டினோரும் இருந்தனர். ஆனால் மேடை வேறு, நடுவர் இருக்கை வேறு. மேடையிலே மதத்தைச் சாடுவது நமது உரிமை. நடுவர் இருக்கையில் அமர்ந்து, எதிரே நிற்பவனின் நம்பிக்கையை இகழ்ந்தபின் வழங்கும் தீர்ப்பு, சரியான தீர்ப்பாக இருந்தாலும் நீதியாகத் தோன்றாது. ஆட்சிக் கட்டில் ஏறியபின்னும் மேடைப் பேச்சை மறக்காதவர் எந்த முகாமில் இருந்தாலும், இது அவர்க்குரிய பாடம். நமது முகாமும் விலக்கன்று.

மற்றொன்று. "கிறித்தவர் கருத்து" என்று ஒருமையில் பேசுவதே பிழை. வட கரோலினாவிலே, உரிமச் சீட்டு இன்றி மணம் நடத்திவைக்கும் போதகர்க்குத் தண்டனை என்றிருந்தது. ஒருபால் இணையர்க்கோ சீட்டே கிடையாது. அவர்கட்கு மணம் நடத்திவைப்பது எமது சமயக் கடமை, அதனைத் தடுப்பது எமது சமய உரிமையைப் பறிப்பது என்று ஐக்கிய கிறிஸ்து சபையினர் 2014 ஏப்ரலில் வழக்குத் தொடுத்தனர், அக்டோபரில் வென்றனர். சமய உரிமை என்ற வாள் ஒரே உறைக்கு உரியதன்று!

இதனை நம்மினும் நன்கு உணரத்தக்கவர் யார்? புரோகிதரும் தீயும் இல்லாத மணம் மணமே ஆகாது என்று 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியபோது, சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்ட நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் சட்டத்தின் கண்ணில் மணமாகாதவராயினர். 1967-இல் அண்ணா ஆட்சி இயற்றிய சட்டம், முன்பு நடந்தவற்றுக்கும் சேர்த்து அந்த இழிவைத் துடைத்தது. அச்சட்டம் ஒரு புரோகிதரின் வாயையும் அடைக்கவில்லை. ஓமகுண்டம் ஒன்றையும் அணைக்கவில்லை. வேண்டியவர்க்கு வேறொரு கதவைத் திறந்தது, அவ்வளவே. பழைய கதவின் வழியே செல்வோர் இன்றும் செல்கின்றனர். தம்மைப் போல் மணக்காதவன் மணமாகாதவன் என்று கூறும் அதிகாரம் மட்டுமே அவர்களிடமிருந்து பறிபோனது. நம் நாட்டில் ஒருபால் மணத்துக்கு இடந்தர 2023-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. எனவே அந்தக் கதவு இங்கே இன்னும் திறக்கப்படவில்லை என்பதையும் நினைவிற் கொள்வோம்.

அமெரிக்கக் கிறித்தவ நண்பர்கள் இழந்தது எது, இழக்காதது எது என்பதை இந்த அளவிலே பிரித்துப் பார்க்க வேண்டும். வழிபாடு, போதனை, சபையின் நெறி ஆகியவற்றை இழக்கவில்லை, இழக்கவும் விடலாகாது. அவற்றுக்குத் தீங்கு வந்தால், கடவுள் மறுப்பாளராகிய நாமே முதலிற் குரல் கொடுத்தல் வேண்டும். இழந்தது, நாட்டின் திருமணப் பதிவேட்டைத் தம் வேதத்தின் பின்னிணைப்பாக வைத்திருந்த பழைய பட்டயம். அது உரிமையன்று, ஆதிக்கம். ஆதிக்கம் போகும்போது உரிமை போவதுபோல் தோன்றுவது, எல்லா நாட்டிலும் எல்லா மேலோர்க்கும் நேர்ந்த மயக்கமே.

கென்னடி ஒரு சொல்லை விட்டார். ராபர்ட்ஸ் அதனை மீட்டார். எல்லையை இருவருமே வரையாது விட்டனர். விட்டதை நாம் எழுதி முடிப்போம்: நம்பியதைப் போதிக்கலாம், கடைப்பிடிக்கலாம்; பிறர் தலையில் கட்டுவது மட்டும் ஆகாது.